கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் சேவைப் பணிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாண்டு மாணவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், திடீரென்று ஒரு சேவைக் குழுவுக்குப் பொறுப்பாசிரியர் ஆக்கப்பட்டவர்கள் ஆகிய மூன்று தரப்பும் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீண்ட பதில் தேவைப்படுகிறது. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

மாணவர்களே நடத்துவது என்றால் என்ன? நிர்வாகம் ஏற்பாடு செய்யும் சேவை முகாமும் இதுவும் ஒன்றுதானே?

ஒன்றில்லை. தேதி, இடம், வண்டி எல்லாவற்றையும் நிர்வாகம் முடிவு செய்ய, மாணவர்கள் ஒரே நிறச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பது ஒரு வகை. அதிலும் நல்லது நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் மாணவர்களே நடத்தும் பணியில் யாருக்காக, என்ன, எப்போது, எவ்வளவு செலவில் என்பதையெல்லாம் அவர்களே உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். கணக்கை அவர்களே எழுதுகிறார்கள். சொன்ன நாளில் போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களும் அவர்கள்தான்.

சந்தேகமாக இருந்தால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: பொறுப்பாசிரியர் ஒரு மாதம் விடுப்பில் போய்விட்டால் வேலை நடக்குமா? நடக்கும் என்றால் அது மாணவர் பணி.

சேவைக் குழு எந்தக் கல்லூரியிலும் இருக்கிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மட்டும் என்ன தனி?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே டியூஷன், அதே இரத்ததான முகாம். வித்தியாசம், சேவையை எங்கே வைக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பல இடங்களில் அது பாடம் முடிந்த பிறகு விருப்பம் உள்ளவர்கள் செய்யும் கூடுதல் வேலை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கோ அது கல்வியின் ஒரு பகுதி. குறைந்தபட்சம் அப்படி இருக்க வேண்டும் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். 1990 ஆகஸ்ட் 15 அன்று திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல், கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்கென்று ஒரு திருத்தூது ஆணை மடல் வெளியிட்டார். சமூக நீதிக்காகப் பிறருக்குப் பணிசெய்யும் மனப்பான்மை ஆசிரியர்களிடம் இருக்க வேண்டும், மாணவர்களிடம் வளர்க்கப்பட வேண்டும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கு அடியில் இருப்பது மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம். பசித்தவருக்கு உணவு கொடுத்தவர்கள், சிறையில் இருந்தவரைப் பார்க்கப் போனவர்கள், தாங்கள் யாருக்குச் செய்தோம் என்று தெரியாமலே கிறிஸ்துவுக்குச் செய்திருந்தார்கள் என்ற இறுதித் தீர்ப்புக் காட்சி அதில் வருகிறது. எத்தனை முறை ஆலயத்துக்கு வந்தாய் என்ற கேள்வி அந்தத் தீர்ப்பில் இல்லை. சேவைக் குழுக் கூட்டங்களில் இந்தப் பகுதி அடிக்கடி வாசிக்கப்படுவதற்குக் காரணம் அதுதான்.

இன்னொரு பேச்சும் உண்டு. 1973 ஜூலை 31 அன்று ஸ்பெயினின் வாலென்சியா நகரில் இயேசு சபை என்ற துறவற சபையின் பள்ளி, கல்லூரிகளின் பழைய மாணவர்கள் கூடியிருந்தார்கள். அப்போதைய சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே அவர்களைப் பார்த்து, உங்களை நாங்கள் நீதிக்காக வாழக் கற்றுக்கொடுத்து வளர்த்தோமா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் யாரும் எதிர்பார்க்கிற வரவேற்புரை இல்லை அது. ‘பிறருக்கான மனிதர்கள்’ என்று இயேசு சபைக் கல்லூரிகளின் சுவர்களில் இன்று எழுதியிருப்பது அந்தப் பேச்சிலிருந்து வந்தது.

இப்படி மாணவர்கள் சேர்ந்து செய்வது எங்கே தொடங்கியது?

ஆரம்பம் இதுதான் என்று ஒரே இடத்தைக் காட்ட முடியாது. ஆனால் 1833ஆம் ஆண்டு பாரிஸை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. அங்கே சோர்போனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார் ஃப்ரெடெரிக் ஓசானாம். வேடிக்கை என்னவென்றால், சோர்போன் அப்போது கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் இல்லை. மதத்தைக் கிண்டலடிப்பதுதான் அங்கே நாகரிகம். மாணவர்கள் வரலாறு பற்றி விவாதிக்கும் ஒரு கூட்டம் இருந்தது. அதில் ஒருநாள் எதிர்த்தரப்பிலிருந்து கேள்வி வந்தது. உங்கள் கிறிஸ்தவம் ஒரு காலத்தில் நல்லது செய்தது, சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? முந்தைய ஆண்டுதான் காலரா பாரிஸ் ஏழைகளை வாரிக்கொண்டு போயிருந்தது. ஓசானாமிடம் சரியான பதில் இல்லை.

1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாவது பிறந்தநாள். அன்று மாலை ஒரு சில மாணவர்கள், எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகையாசிரியரின் அலுவலகத்தில் கூடினார்கள். பாயி அவர்களைவிட வயதில் ரொம்பவே மூத்தவர். தலைமையை ஏற்றுக்கொண்டாலும் வேலையை மாணவர்களிடமே விட்டார். ஏழைகளை எப்படி அணுகுவது என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் முஃப்தார் தெருப் பகுதியில் பல ஆண்டுகளாகப் பணிசெய்துவந்த அருட்சகோதரி ரோசலி ரெந்துவிடம் போனார்கள். அவர் எந்தக் குடும்பத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னார், ரொட்டிக்கும் நிலக்கரிக்கும் மாற்றிக்கொள்ளும் சீட்டுகளைக் கொடுத்தார், வீட்டுக்குள் எப்படி நடந்துகொள்வது என்றும் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சிறு கூட்டம்தான் புனித வின்சென்ட் தே பவுல் சபை. இன்று ஏறத்தாழ 150 நாடுகளில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. அந்த மாணவர்கள் ஏற்கெனவே களத்தில் இருந்த ஒருவரிடம் போய்க் கேட்டார்கள், தாங்களாக ஒரு திட்டத்தோடு இறங்கவில்லை. அப்புறம், ஏழைகளை ஓரிடத்துக்கு வரச்சொல்லி வரிசையில் நிறுத்தாமல், தாங்களே அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இருவர் இருவராகப் போகும் அந்த வழக்கம் இன்றைக்கும் அந்தச் சபையில் உண்டு. கூட்டம் முடியும்போது ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார்கள், யார் போடவே இல்லை என்று யாருக்கும் தெரியாது. கையில் காசில்லாத மாணவரும் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

ஓசானாம் பின்னர் சோர்போனிலேயே பேராசிரியரானார். 40 வயதில், 1853இல் இறந்தார். 1997இல் அவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது.

நான் கத்தோலிக்கர் இல்லை. சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். பல நாடுகளில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் இல்லை. மேலே சொன்ன 1990ஆம் ஆண்டு மடலே, மற்றவர்களின் மதச் சுதந்திரத்தைப் பல்கலைக்கழகம் மதிக்க வேண்டும் என்கிறது. பதிலுக்கு அவர்களும் நிறுவனத்தின் கத்தோலிக்கத் தன்மையை மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நடைமுறையில் இதற்குப் பொருள், கூட்டத்தைச் செபத்தோடு தொடங்கினால் நீங்கள் அமைதியாக இருக்கலாம். உதடு அசையவில்லையே என்று யாரும் பார்க்கக் கூடாது. அப்படிப் பார்க்கிறார்கள் என்றால் குழுத்தலைவரிடம் நேராகச் சொல்லுங்கள்.

இது மதம் பரப்பும் வேலையா?

இல்லை, இருக்கவும் கூடாது. 2005 டிசம்பர் 25 தேதியிட்ட தம் முதல் சுற்றுமடலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் இதை நேரடியாகவே சொன்னார்: அன்பு இலவசமானது, வேறு ஒன்றை அடைவதற்காக அதைச் செய்யக் கூடாது, ஆள் சேர்க்கும் வழியாக அறப்பணியைப் பயன்படுத்தக் கூடாது. எப்போது கடவுளைப் பற்றிப் பேச வேண்டும், எப்போது பேசாமல் அன்பை மட்டும் பேசவிட வேண்டும் என்பது ஒரு கிறிஸ்தவருக்குத் தெரியும் என்றும் அந்த மடலில் எழுதியிருக்கிறார்.

இதைச் சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாடப் புத்தகத்தோடு துண்டுப் பிரசுரத்தைச் செருகுவது, உதவி வாங்குபவரைச் செபிக்கச் சொல்வது இரண்டும் கூடாது. அவராகக் கேட்டால் பதில் சொல்லலாம். உதவியை வாங்க வந்தவர் ‘முடியாது’ என்று சொல்லும் நிலையில் இல்லை. அவரிடம் எதைக் கேட்டாலும் அது பாதிக் கட்டாயம்தான்.

என்னென்ன வேலைகள் செய்கிறார்கள்?

டியூஷன், முதியோர் இல்லத்துக்குப் போய் வருவது, இரத்ததானம், நிதி திரட்டுவது. இவை எங்கும் இருப்பவை. கொஞ்சம் வேறு மாதிரி நடந்தவற்றைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் 2001இல் ‘கேம்பஸ் கிச்சன்’ என்ற ஏற்பாடு முதன்முதலாகத் தொடங்கியது. விடுதி உணவகத்தில் மிஞ்சும், பரிமாறப்படாத உணவைச் சேகரித்து, அங்கேயே இருக்கும் சமையலறையை ஓய்வு நேரத்தில் பயன்படுத்தி, மாணவர்களே சாப்பாடாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். புதுக் கட்டடம் வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். பிறகு பல கல்லூரிகளுக்குப் பரவியது. அங்கே படித்துக்கொள்ள வேண்டியது, உங்கள் வளாகத்தில் ஏற்கெனவே வீணாகிக்கொண்டிருப்பது எது என்று பார்ப்பது. உணவாக இருக்கலாம், மாலையில் பூட்டிக் கிடக்கும் கணினி அறையாக இருக்கலாம், சட்டத் துறை மாணவர்களின் மனு எழுதும் திறமையாகவும் இருக்கலாம்.

அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகம் அகுஸ்தீன் துறவற சபையினருடையது. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அங்கே மாணவர்களே நடத்துகிறார்கள். மாணவர்கள் நடத்தும் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளில் உலகிலேயே பெரியது என்று அதைச் சொல்வார்கள். அதே நாட்டின் நோத்ர தாம் பல்கலைக்கழகத்தில் நடப்பதோ குத்துச்சண்டை! 1931 முதல் அந்தப் போட்டியில் சேரும் பணம் வங்கத்தில், அதாவது இன்றைய பங்களாதேஷில், திருச்சிலுவைச் சபையினர் செய்யும் பணிகளுக்குப் போகிறது.

சிலி நாட்டில் 1997இல் இயேசு சபைக் குரு ஃபெலிப்பே பெர்ரியோஸ் துணையோடு பல்கலைக்கழக மாணவர்கள், குடிசைப் பகுதிகளில் மர வீடு கட்டித் தரத் தொடங்கினார்கள். மூன்றுக்கு ஆறு மீட்டர், பலகைச் சுவர், சில நாட்களில் வீடு எழுந்துவிடும். இன்று ‘தேச்சோ’ என்ற பெயரில் லத்தீன் அமெரிக்கா முழுவதும் இயங்கும் அமைப்பு அது. அவசரத்துக்குக் கட்டிய வீட்டிலேயே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகின்றனவே என்ற விமர்சனமும் கூடவே எழுந்தது. அப்புறம் அந்த அமைப்பு வீட்டோடு நிற்காமல், பகுதி மக்களோடு சேர்ந்து நீண்டகால வேலைகளிலும் இறங்கியது.

நாங்கள் நாலைந்து பேர் புதிதாக ஒன்று தொடங்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

பெயர் வைக்காதீர்கள். லோகோ வரையாதீர்கள். பெரும்பாலான குழுக்களில் முதல் மாதம் இதிலேயே போய்விடுகிறது.

நீங்கள் போக நினைக்கும் பகுதியில் ஏற்கெனவே யார் வேலை செய்கிறார்கள் என்று விசாரியுங்கள். பள்ளித் தலைமையாசிரியர், செவிலியர், பங்குக் குரு, பெண்கள் குழுத் தலைவி, யாராவது ஒருவர் இருப்பார். ஓசானாம் கூட்டத்துக்கு ரோசலி அம்மா போல. அவரிடம் போய், ‘நாங்கள் இதைச் செய்யப் போகிறோம்’ என்று சொல்லாமல், ‘வாரத்துக்கு இரண்டு மணி நேரம் எங்களிடம் இருக்கிறது, எதற்குப் பயன்படும்?’ என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் நீங்கள் நினைத்ததாக இருக்காது. பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம் என்று போயிருப்பீர்கள். அவர்களோ, உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தர ஆளில்லை என்பார்கள். போட்டோ எடுத்துப் போட அதில் ஒன்றுமில்லை. ஆனால் வேண்டியது அதுதான்.

அடுத்து, வாக்குக் கொடுக்கும் அளவைப் பாதியாக்குங்கள். பத்துப் பேர் வருவதாகச் சொன்னால் தேர்வு நேரத்தில் நான்கு பேர்தான் வருவார்கள். அந்த நான்கு பேரால் செய்ய முடிந்ததை மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள். வாரம் தவறாமல் வரும் இரண்டு பேர், வருஷத்துக்கு ஒருமுறை பேருந்தில் வந்து இறங்கும் நூறு பேரைவிட அந்தப் பிள்ளைகளுக்கு மேல்.

பணத்தை எப்படிக் கையாள வேண்டும்?

இங்கே கறாராக இருங்கள். நல்ல குழுக்கள் உடைவது பெரும்பாலும் திருட்டால் இல்லை, எழுதி வைக்காத கணக்கால்.

ஒருவருடைய சொந்த வங்கிக் கணக்கிலோ கைப்பேசிச் செயலியிலோ நன்கொடை வாங்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் நிதிப் பிரிவிடம் தனிக் கணக்குத் தலைப்பு கேளுங்கள். தாமதமாகும், ஆனாலும் கேளுங்கள். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. உண்டியலைத் திறந்து எண்ணும்போது இரண்டு பேர், அவர்கள் நெருங்கிய நண்பர்களாக இல்லாமல் இருந்தால் நல்லது. எண்ணிய உடனே தொகையைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுப் படமெடுத்துக் குழுவில் போட்டுவிடுங்கள். ரசீது இல்லாத செலவு செலவே இல்லை.

திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1267ஆம் சட்டம் ஒரு முக்கியமான விதியைச் சொல்கிறது: குறிப்பிட்ட நோக்கத்துக்காக இறைமக்கள் தந்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உங்கள் குழு திருச்சபையின் அதிகாரப்பூர்வ அமைப்பாக இல்லாவிட்டாலும் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ள நிவாரணம் என்று வாங்கியதில் மிச்சமானால், அதை ஆண்டு விழாவுக்கு மாற்றக் கூடாது. நன்கொடை கேட்கும்போதே ‘மிஞ்சினால் இதற்குச் செலவிடுவோம்’ என்று அச்சிட்டுவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

குழந்தைகள் இல்லத்துக்குப் போய் ஒருநாள் விளையாடிவிட்டு வரலாமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆசை நல்லதுதான், ஆனால் விளைவு நல்லதாக இருப்பதில்லை.

முதல் காரணம் குழந்தை. மாதம் ஒரு புதுக் கூட்டம் வந்து, தூக்கிக் கொஞ்சி, அடுத்த வாரமும் வருவோம் என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிறது. ஏற்கெனவே பிரிவைச் சந்தித்த பிள்ளைக்கு அது இன்னொரு பிரிவு. இரண்டாவது காரணம், உலகெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்திருக்கிறது. பார்வையாளரும் நன்கொடையும் வர வர, சில இடங்களில் இல்லத்தை நிரப்பி வைப்பதே ஒரு தொழிலாகிவிடுகிறது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம், அநாதை இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்கையும் எடுத்துச் சொன்னது.

சரி, அப்படியென்றால் குழந்தைகளோடு வேலையே செய்யக் கூடாதா? செய்யலாம். பள்ளி அல்லது சமுதாயக் கூடத்தில், ஓராண்டாவது தொடர்ந்து வருவதாக உறுதி தரும் மாணவர்களோடு, அந்த இடத்துப் பொறுப்பாளர் முன்னிலையில். எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. தனிப்பட்ட முறையில் குறுஞ்செய்தி அனுப்பக் கூடாது. பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைப் படித்துக் கையெழுத்திட்ட பிறகே முதல் நாள் போக வேண்டும். கத்தோலிக்க நிறுவனங்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கும் வரலாறு எல்லோருக்கும் தெரியும். ‘நம்ம பசங்கதானே’ என்ற சலுகைக்கு இங்கே இடமே இல்லை.

பேரிடர் நேரத்தில் பழைய துணி சேகரிக்கலாமா?

அங்கே களத்தில் இருக்கும் அமைப்பு கேட்டால் மட்டும். கேட்காமல் வந்து குவியும் துணியைப் பிரிக்கவும் அடுக்கவும் ஆள் தேவைப்படுகிறது. மருந்தும் குடிநீரும் இறக்க வேண்டிய இடத்தை மூட்டைகள் அடைத்துக்கொள்கின்றன. கத்தோலிக்க உதவி அமைப்பான காரித்தாஸ் போன்றவை பணமாகக் கேட்பதற்கு இதுவே காரணம். பணமாகப் போனால் தேவையானதை அருகிலேயே வாங்கலாம், அங்குள்ள கடைக்காரரும் பிழைப்பார்.

இரத்ததான முகாமை எப்போது வைப்பது நல்லது?

தொடக்க விழா நாளில் வைக்காதீர்கள். இரத்த வங்கியைக் கேட்டு வையுங்கள். சிவப்பணுக்களைக் குளிர்பதனத்தில் சுமார் 42 நாட்கள் வரைதான் வைத்திருக்க முடியும். தட்டணுக்களுக்கு (பிளேட்லெட்) ஐந்து நாள்தான் கணக்கு. ஒரே நாளில் முந்நூறு பேர் கொடுத்துவிட்டு அடுத்த எட்டு மாதம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் அந்தச் சாதனையால் நோயாளிக்குப் பெரிய பயன் இல்லை. விடுமுறை மாதங்களில் கல்லூரிகள் மூடிவிடுவதால் தட்டுப்பாடு வரும். அதற்குச் சற்று முன்னால் ஒன்று, நடுவில் சிறிதாக இரண்டு என்று பிரித்து வைப்பது நல்லது. ஒருவர் மீண்டும் கொடுக்க ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம் இடைவெளி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நாட்டுக்கு நாடு சற்று மாறும். கொடுக்க முடியாதவர்களை ஒதுக்கிக் காட்டாதீர்கள், காரணத்தைக் கேட்கவும் வேண்டாம்.

செய்வதை இன்ஸ்டாகிராமில் போடலாமா?

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறது நற்செய்தி. நன்கொடை தந்தவரோ, பணம் எங்கே போனது என்று காட்டு என்கிறார். இரண்டையும் சமாளிக்க ஒரு வழி உண்டு: வேலையைக் காட்டுங்கள், வாங்கியவரைக் காட்டாதீர்கள். அடுக்கிய புத்தகம், பழுதுபார்த்த கழிப்பறை, வரவு செலவுத் தாள் இவை போதும். பொட்டலத்தை நீட்டியபடி கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் மட்டும் வேண்டாம். அந்தப் படத்தில் வாங்குபவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று ஒருமுறை கவனியுங்கள்.

யாருக்கும் காட்டாமல் செய்தவருக்கு ஓர் எடுத்துக்காட்டு: பியர் ஜார்ஜோ ஃப்ராஸாத்தி. அவர் பெயர் உங்கள் வளாகத்தில் அடிபட்டிருக்கும். இத்தாலியின் தூரின் நகரில் பொறியியல் படித்தவர், பெரிய பத்திரிகை முதலாளியின் மகன், வின்சென்ட் தே பவுல் சபை உறுப்பினர், மலையேறுவதில் பைத்தியம். 1925 ஜூலையில் போலியோ தாக்கி 24 வயதில் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் தெருவை அடைத்துக்கொண்டு நகரத்து ஏழைகள் வந்து நின்றபோதுதான், மகன் இத்தனை நாளும் எங்கே போய் வந்தான் என்று வீட்டாருக்குத் தெரிந்தது. 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

தர்மம் செய்தால் போதுமா? நீதி கேட்பதும் மாணவர் வேலையா?

இது பழைய வாக்குவாதம், கத்தோலிக்க வட்டத்துக்குள்ளேயே. 1968 ஏப்ரலில், மெக்சிகோ கிராமங்களுக்குச் சேவை செய்யப் புறப்படவிருந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் குருவானவர் இவான் இல்லிச் பேசினார். வாழ்த்துவார் என்று நினைத்திருப்பார்கள். அவரோ, பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். மொழி தெரியாது, வாழ்க்கை தெரியாது, உங்கள் நல்லெண்ணத்தின் செலவை அந்த ஏழைகள்தான் தாங்குகிறார்கள் என்பது அவர் வாதம். முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெளியூர் சேவைப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அந்தப் பேச்சை ஒருமுறை எதிர்கொள்வது நல்லது.

நீதியை மாணவர்கள் கையிலெடுத்ததற்கு, அமெரிக்காவில் இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சொல்லலாம். 1838இல் மேரிலாந்து இயேசு சபையினர் தங்களிடம் அடிமைகளாக இருந்த 272 பேரை லூசியானாவுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுனின் கடனை அடைத்தது. 2015இல் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள்; விற்பனையோடு தொடர்புடைய குருக்கள் இருவரின் பெயர்கள் கட்டடங்களிலிருந்து நீக்கப்பட்டன. விற்பனைப் பட்டியலில் முதலாவதாக இருந்த ஐசக் ஹாக்கின்ஸ் என்பவரின் பெயர் ஒரு கட்டடத்துக்கு வைக்கப்பட்டது. 2019 ஏப்ரலில் மாணவர்கள் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஒவ்வொருவரும் செமஸ்டருக்கு 27 டாலர் 20 சென்ட் கூடுதல் கட்டணம் கட்டுவது, அது அந்த 272 பேரின் வழித்தோன்றல்களுக்குப் பயன்படுவது என்பது தீர்மானம். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். நிர்வாகம் அதைக் கட்டணமாக ஏற்கவில்லை. நன்கொடையாகத் திரட்டுவதாகச் சொல்லி, பிறகு ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் வழங்கும் நிதியை அமைத்தது.

இது தர்மமா, கடனா? வாக்களித்த மாணவர்கள் கடன் என்றார்கள். அதனால்தான் விருப்பப்பட்டவர் கொடுக்கும் நன்கொடையாக இல்லாமல், எல்லோரும் கட்டும் கட்டணமாகக் கேட்டார்கள். நிர்வாகம் தொகையை ஏற்றுக்கொண்டது, அந்த அர்த்தத்தை ஏற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் வளாகத்திலும் பக்கத்திலேயே கேள்விகள் இருக்கும். துப்புரவுப் பணியாளருக்கு நியாயமான சம்பளம் கிடைக்கிறதா? வெளியே போய் ஏழைகளுக்கு உதவும் குழு, தன் வகுப்பறையைக் கூட்டுபவரின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறதா?

சேவை மணிநேரத்தைக் கட்டாயமாக்கலாமா? மதிப்பெண் கொடுக்கலாமா?

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டால் ஏற்கெனவே மனமிருப்பவர்கள் மட்டும் வருவார்கள். கட்டாயமாக்கினால் கையெழுத்துக்காக வந்து மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பவரை அந்த முதியவர்கள் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பாஸ்டன் கல்லூரியில் 1969 முதல் நடக்கும் ‘பல்ஸ்’ திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. களப்பணியைத் தத்துவம், இறையியல் பாடத்தோடு இணைத்துவிட்டார்கள். பார்த்ததைப் பற்றி வாசித்து, எழுதி, விவாதிக்க வேண்டும். மணிநேரத்துக்கு மதிப்பெண் கொடுப்பதைவிடச் சிந்தித்ததற்கு மதிப்பெண் கொடுப்பது மேல்.

படிப்பு கெடாதா? (பெற்றோர் கேட்பது)

வாரம் இரண்டு மூன்று மணி நேரத்தில் கெடாது. பொறுப்பில் இருக்கும் மாணவருக்குக் கெடலாம், அது உண்மை. எல்லா வேலையையும் ஒரே ஆள் தலையில் போட்டுக்கொள்ளும் குழுவில் இது நடக்கிறது. உங்கள் பிள்ளை தினமும் இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் பதில் போட்டுக்கொண்டிருந்தால், சேவையை விடச் சொல்லாதீர்கள், இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள்.

பொறுப்பாசிரியரின் வேலை என்ன?

கதவைத் திறந்துவிடுவது; பாதுகாப்பு, கணக்கு இரண்டிலும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது; மற்றதில் வாயை மூடிக்கொண்டிருப்பது. மூன்றாவதுதான் கஷ்டம். மாணவர்கள் எடுத்த முடிவு சுமாராக இருந்தாலும், யாருக்கும் தீங்கில்லை என்றால் நடக்கவிட வேண்டும்.

மூத்தவர்கள் படிப்பை முடித்துப் போனதும் குழு படுத்துவிடுகிறது. என்ன செய்வது?

மூன்று நான்கு ஆண்டில் எல்லோரும் போய்விடுவார்கள் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். மக்கள் மட்டும் அங்கேயே இருப்பார்கள். அதனால் இறுதியாண்டு மாணவர் தலைவராக இருக்கவே கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இறுதிக்கு முந்தைய ஆண்டில் தலைமை, கடைசி ஆண்டில் கூட இருந்து கைமாற்றிக் கொடுப்பது. ஒரு சாதாரண நோட்டில் தொடர்பு எண்கள், எந்த வீட்டில் யார், எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் நிற்கிறது, யாரிடம் என்ன சொல்லியிருக்கிறோம், சாவி யாரிடம் என்று எழுதி வையுங்கள். புதுத் தலைவரை அந்தப் பகுதிக்கு நேரில் கூட்டிப்போய், ‘இனி இவர்தான்’ என்று அறிமுகப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அட்மின் மாற்றுவது கைமாற்றம் ஆகாது.

நிர்வாகம் அனுமதி மறுத்தால்?

எழுத்தில் காரணம் கேளுங்கள். பாதுகாப்பு என்றால் திட்டத்தை மாற்றுங்கள், பணம் என்றால் சிறிதாக்குங்கள். நிறுவனத்தின் கத்தோலிக்கக் கொள்கைக்கு முரண் என்றால் ஆன்மிக வழிகாட்டிக் குருவோடு உட்கார்ந்து பேசுங்கள். பல நேரம் பிரச்சினை வேலையில் இருக்காது, கூட்டுச் சேரும் அமைப்பின் பெயரில் இருக்கும். ஒன்றுமே சொல்லாமல் கோப்பைக் கிடப்பில் போட்டால், மாணவர் பேரவை வழியாகக் கொண்டுபோங்கள்.

ஒரு பணியை நிறுத்த வேண்டியிருந்தால் எப்படி நிறுத்துவது?

சத்தமில்லாமல் நின்றுவிடாதீர்கள். ஒரு செமஸ்டர் முன்னதாகவே அந்தக் குடும்பங்களிடமும் பள்ளியிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். என்ன காரணம் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்: ஆளில்லை, பணமில்லை, அல்லது இந்த உதவி இனி தேவைப்படவில்லை. உங்களுக்குப் பதில் வரக்கூடிய இன்னொரு குழுவை அறிமுகப்படுத்த முடிந்தால் அதைச் செய்யுங்கள். நடுவில் நிற்கும் பிள்ளைகளைத் தேர்வு வரை கொண்டுபோய்விட்டே கிளம்புங்கள். மிச்சப் பணத்துக்குக் கணக்கு எழுதி, வாக்களித்தபடி செலவிட்டு, நிதிப் பிரிவில் கணக்குத் தலைப்பை மூடிவிடுங்கள். புத்தகம், பலகை, நாற்காலி எல்லாம் அந்தப் பகுதிக்கே. வளாகத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம்.